முகாம் முடிந்த பிறகுதான் வேலை: எட்டாத மக்களுக்குக் கண் மருத்துவம் கொண்டுசேர்க்க ஒரு வழிகாட்டி

கண் சேவையில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒரு முகாம் போட என்ன செலவாகும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முகாமுக்கு வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்? வந்தவர்களில் கடைசியில் பார்வை திரும்பியவர்கள் எத்தனை பேர்?

1990களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. கண் முகாம்கள் வழக்கமாக நடந்துகொண்டிருந்த பகுதி அது. அப்படியிருந்தும், கண்ணில் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாம் பக்கம் வந்திருந்தார்கள். வாசலில் நீண்ட வரிசை நின்றால் ஊரே வந்துவிட்டது போலத்தான் நமக்குத் தோன்றும். வராதவர்கள் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி ஒரு சிறு அறக்கட்டளை, ஓர் இளைஞர் குழு, ஒரு தொண்டு மன்றம், அல்லது சொந்தப் பகுதிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் ஒரு மருத்துவர் ஆகியோருக்காக எழுதியது. பெரிய மருத்துவமனை கட்டுவது எப்படி என்று இதில் இல்லை. ஏற்கெனவே இருக்கும் மருத்துவத்துக்கும் அது எட்டாத மனிதருக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைப்பது எப்படி என்பது மட்டும்தான்.

முதல் படி: எதைச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகைப் பார்வைக் குறை இருக்கிறது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது.

அந்த 100 கோடியைப் பிரித்துப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 82 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பிரச்சினை வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் ஊசியில் நூல் கோக்க முடியாமல், மாத்திரை அட்டையில் உள்ளதைப் படிக்க முடியாமல் போகிறதே, அதுதான். அடுத்து, தூரத்துப் பார்வைக்குச் சரியான கண்ணாடி கிடைக்காதவர்கள் 12 கோடிப் பேருக்கு மேல். கண்புரையால் பார்வை குறைந்தவர்கள் 6.5 கோடி. கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு, கருவிழித் தழும்பு எல்லாம் எண்ணிக்கையில் இதற்கு வெகு கீழே.

ஆக, ஒரு ஜோடிக் கண்ணாடியும் ஒரு கண்புரை அறுவை சிகிச்சையும் ஒழுங்காகக் கிடைத்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். இரண்டுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கண்ணாடி பல நூற்றாண்டுப் பழசு. கண்புரை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைப்பதும் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. குறைவது அறிவியல் இல்லை, கொண்டுசேர்க்கும் ஏற்பாடு.

இதற்காகக் கிளாக்கோமாவையும் சர்க்கரை நோயையும் ஒதுக்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. கண்புரையில் போன பார்வையைத் திரும்பப் பெறலாம். கிளாக்கோமாவில் போனது போனதுதான். அதனால் அவற்றில் வேலை வேறு மாதிரி: முன்கூட்டியே கண்டுபிடிப்பது, விடாமல் தொடர்வது. ஆரம்பிக்கும்போதே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளாமல், முதல் ஆண்டு கண்ணாடியையும் கண்புரையையும் உருப்படியாகச் செய்து, மற்றதைச் சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கும் வழியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: பகுதியை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்

"மாவட்டம் முழுவதும்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஐதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் வகுத்த பிரமிடு முறை இங்கே உதவும். ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒரு பார்வை மையம். 5 லட்சம் பேருக்கு அறுவை சிகிச்சை செய்யக்கூடிய ஓர் இரண்டாம் நிலை மருத்துவமனை. 50 லட்சம் பேருக்கு ஒரு பெரிய மருத்துவமனை. உச்சியில், 5 கோடிப் பேருக்குப் பயிற்சி, ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்த ஓர் உயர் மையம். உங்கள் இடம் இதில் அடித்தளம், அதாவது அந்த 50,000 பேர். சிறு குழுவாக இருந்தால் அதிலும் ஒரு பகுதி போதும்.

அந்த எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர், ஐம்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், பள்ளிகள் எத்தனை. ஐம்பது வயதைத் தனியாகச் சொல்லக் காரணம், தடுக்கக்கூடிய பார்வையிழப்பில் பெரும்பங்கு அந்த வயதுக்கு மேல்தான் இருக்கிறது. அந்தப் பிரிவினரிடம் மட்டும் மாதிரிக் கணக்கெடுத்து ஒரு பகுதியின் நிலையை மதிப்பிடும் விரைவு ஆய்வு முறை உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே அப்படி ஓர் ஆய்வு நடந்திருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் கண் பிரிவு எந்தெந்த நாளில் இயங்குகிறது, கண்ணாடிக் கடை எங்கே இருக்கிறது, வேறு அமைப்புகள் எங்கே முகாம் நடத்துகின்றன. ஒரே ஊருக்கு மூன்று அமைப்புகள் மாற்றி மாற்றிப் போவதும், பக்கத்து ஊருக்கு யாருமே போகாமல் இருப்பதும் சகஜம். சாலை நன்றாக இருக்கும் ஊருக்கு எல்லாரும் போவார்கள். நீங்கள் சாலை முடியும் ஊருக்குப் போங்கள்.

மூன்றாம் படி: மருத்துவமனையை உறுதி செய்யாமல் ஒரு கண்ணைக்கூடப் பரிசோதிக்காதீர்கள்

ஒருவரிடம் "உங்களுக்குப் புரை இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டு, எங்கே, எப்போது, யார் செய்வார்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அவருக்கு நாம் கொடுத்தது கவலை மட்டும்தான். அதனால் பங்காளி மருத்துவமனையை முதலில் பிடியுங்கள். பேசப் போகும்போது கொஞ்சம் கறாராகவே கேளுங்கள்:

- அறுவை சிகிச்சை எங்கே நடக்கும்? பள்ளிக்கூட வகுப்பறையிலோ தற்காலிகக் கொட்டகையிலோ என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஊரில் பரிசோதனை, நிரந்தர அறுவை அரங்கில் சிகிச்சை என்பதே இன்றைய முறை. கண்ணுக்குள் கிருமி புகுந்தால் ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட பலருக்குச் சேர்ந்தாற்போல் பார்வை போய்விடக்கூடும்.
- அறுவைக்கு முன் கண்ணில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விடுகிறார்களா? மலிவான பழக்கம், தொற்றைத் தடுப்பதில் நிரூபணமானது.
- எல்லாருக்கும் உள்விழி லென்ஸ் வைக்கிறார்களா? வைப்பதற்கு முன் லென்ஸின் பவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளக்கிறார்களா?
- அறுவைக்குப் பிறகு ஒவ்வொருவருடைய பார்வையையும் அளந்து எழுதி வைக்கிறார்களா? "நல்லா வருதுங்க" என்பது பதிலாகாது. எண்ணாகக் கேளுங்கள்.
- சிக்கல் வந்தால் மறுசிகிச்சையின் செலவு யாருடையது? எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அழைக்கலாம்?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் மருத்துவமனையை நம்பலாம்.

விலை குறைந்த அறுவை என்றால் தரம் குறைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித்தும் மற்றவர்களும் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. இயந்திரம் வைத்துச் செய்யும் பாக்கோ முறையையும், தையல் இல்லாமல் சிறு கீறல் வழியே கையால் புரையை எடுக்கும் முறையையும் அதில் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தேவையான கண்ணாடி போட்டு அளந்தபோது, இரண்டு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு 6/18 (நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரிலிருந்து பார்ப்பதை 6 மீட்டரிலிருந்து பார்ப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை. கையால் செய்யும் முறைக்கு நேரமும் செலவும் குறைவு. முற்றிய புரைகள் அதிகம் வரும் இடங்களில் அது இன்னும் பொருத்தம். எனவே எந்த இயந்திரம் இருக்கிறது என்று கேட்பதைவிட, முடிவுகள் எப்படி வருகின்றன என்று கேளுங்கள்.

நான்காம் படி: ஆட்கள்

மருத்துவர் செய்ய வேண்டிய வேலையை மருத்துவர் செய்யட்டும். மற்றதற்கு அவர் நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வளர்ச்சிக்குப் பெரிய காரணங்களில் ஒன்று இது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது, கண்ணாடிப் பவர் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிகளிடம் பேசுவது என்று பல வேலைகளை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அறுவை செய்பவர் ஒரு மேசையில் முடித்ததும் அடுத்த மேசையில் ஒருவர் தயாராக இருப்பார். அந்த வேகம் வருவதே இந்த உதவியாளர்களால்தான்.

உங்கள் அளவில் இது ரொம்ப எளிமையாக இருக்கும். அந்தந்த ஊரில் வசிக்கும் இரண்டு மூன்று பேர், முடிந்தவரை பெண்கள். உலகில் பார்வைக் குறை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். வெளியே வந்து சிகிச்சை பெறுவதில் பின்தங்குகிறவர்களும் அவர்கள்தான். வீட்டுக்குள் போய் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து பேச, வெளியூர் இளைஞரைவிடப் பக்கத்துத் தெருப் பெண்ணால்தான் முடியும்.

இவர்கள் செய்யலாம் என்பதையும் செய்யக்கூடாது என்பதையும் எழுதியே கொடுத்துவிடுங்கள். பார்வை அளக்கலாம், பதியலாம், அனுப்பிவைக்கலாம், திரும்பிப் போய்ப் பார்க்கலாம். சொட்டு மருந்து எதையும் தாங்களாகக் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கண் சிவப்பை உடனே குறைப்பதால் ஏதோ மாயம் போலத் தெரியும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் நாள்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றி, வலியே இல்லாமல் பார்வையைப் பறித்துவிடும்.

ஐந்தாம் படி: பார்வை அளப்பது

இதில் அவசரப்பட்டால் பிறகு செய்வதெல்லாம் தப்பாகப் போகும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கில 'ஈ' வடிவம் நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் அட்டையைப் பயன்படுத்துங்கள். எழுத்துத் தெரியாதவர்களும் கையால் திசை காட்டிவிடலாம். அட்டை எந்தத் தூரத்துக்கென்று அச்சிட்டதோ அந்தத் தூரத்திலேயே வைக்க வேண்டும், பொதுவாக 6 மீட்டர் அல்லது 3 மீட்டர். நீளாத கயிற்றில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, குதிகால் அந்தக் கோட்டில். மக்கள் தங்களை அறியாமலே ஒரு அடி முன்னால் வந்துவிடுவார்கள்.

வெளிச்சம் அட்டையின் மேல் விழ வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் அட்டையை மாட்டினால் கண் கூசும், யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்து நிற்பவர்களின் வரிசை அட்டையைப் பார்த்தபடி இருக்கவே கூடாது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் முறை வருவதற்குள் கடைசி வரி வரை மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கண்தான். மறு கண்ணை உள்ளங்கையால் லேசாக மூடச் சொல்லுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். அழுத்தி மூடினால் கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் அந்தக் கண் மங்கலாகத் தெரியும், அடுத்து அதை அளக்கும்போது கணக்குத் தவறும். ஏற்கெனவே தூரப் பார்வைக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அதைக் கழற்றச் சொல்லாமல் அதோடே அளந்து, "கண்ணாடியுடன்" என்று குறியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்க விடாதீர்கள்.

6/12 வரியைப் படிக்க முடியாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்று எல்லையை வைத்துக்கொள்ளலாம். நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் நின்று பார்ப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடிகிறது என்பதே 6/12. அதைவிடக் குறைந்தால் லேசான பார்வைக் குறை, 6/18க்கும் கீழே போனால் நடுத்தரக் குறை, 3/60க்கும் கீழே பார்வையிழப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு.

இப்போது ஒரு சின்ன வித்தை. கறுப்பு அட்டையில் ஊசியளவு துளை போட்ட பின்ஹோலைக் கண் முன் பிடித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பார்வை தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகும் கோளாறு. தெளியாவிட்டால் புரையோ விழித்திரையோ வேறு ஏதோ இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு துண்டு அட்டை, ஆனால் யாரைக் கண்ணாடிப் பக்கம் அனுப்புவது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்பதில் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்துப் பார்வையையும் பாருங்கள். 40 செ.மீ. தூரத்தில், நல்ல வெளிச்சத்தில். இதை விட்டுவிடும் முகாம்கள் ஏராளம். தூரத்து எழுத்தைப் பளிச்சென்று படித்த தையல்காரரை "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள், அவருக்கு வேண்டியது வெள்ளெழுத்துக் கண்ணாடியாக இருக்கும்.

இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பெயர், வயது, தொலைபேசி எண், வீட்டை அடையாளம் காட்டும் ஒரு வரி. அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து அவரைத் தேடிப் போக முடியாது.

காத்திருக்கக் கூடாத கண்கள்

சிலரைப் பட்டியலில் சேர்த்து அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. திடீரென்று பார்வை போனவர். வலியோடு கண் சிவந்து பார்வையும் மங்கியவர். மின்னல் வெட்டுவது போலத் தெரிகிறது, ஓரத்தில் திரை விழுந்தது போல மறைக்கிறது என்று சொல்பவர். கண்ணில் அடிபட்டவர். இவர்கள் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, அமிலம் போன்றவை கண்ணில் பட்டால், அனுப்புவதற்கு முன் அங்கேயே சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். இதில் நேரம்தான் பார்வை.

குழந்தையின் கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது பிறவிப் புரையாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்தான கண் புற்றாகவும் இருக்கலாம். மாறுகண்ணை "அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கண்ணை மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் மீட்பது எளிது, அதற்குமேல் கடினம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்பதைத் தாய்மார்களிடம் சொல்லிவையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். மங்க ஆரம்பித்த பிறகு போனால் பாதி வாய்ப்பு கைநழுவியிருக்கும்.

ஆறாம் படி: கண்ணாடி

எழுதிக் கொடுப்பது ஒரு வேலை, மூக்கில் ஏறுவது இன்னொரு வேலை. சீட்டைக் கொடுத்து "டவுனில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் பலர் வாங்கமாட்டார்கள். வெள்ளெழுத்துக்குத் தயார்நிலைக் கண்ணாடிகளைப் பல பவர்களில் கையோடு கொண்டுபோய், போட்டுப் பார்க்கச் சொல்லி, அங்கேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே தூரப் பவர் தேவைப்படுகிறவர்களுக்கும் தயார்நிலைக் கண்ணாடியே சரிவரும். மற்றவர்களுக்குத் தயாரித்து, சொன்ன நாளில், அதே ஊரில் கொடுங்கள்.

பிரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புப் பிரேம் என்றால் "இலவசக் கண்ணாடி" என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிடும். பிள்ளைகள் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். நான்கைந்து மாதிரிகளை வைத்து அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அப்புறம் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவையுங்கள், மூன்று மாதம் கழித்துப் போய் யார் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

கண்ணாடி சின்ன உதவிதானே என்று நினைக்கிறவர்களுக்கு: அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு 2018இல் வந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்த பிரிவினர் பறித்த இலையின் அளவு, கொடுக்காத பிரிவினரோடு ஒப்பிடும்போது 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசத்தில் நடந்து 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், இதே கண்ணாடியால் மாத வருமானம் 33.4 சதவீதம் அதிகம். நன்கொடை கேட்கப் போகும்போது இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அறுவைக்கு "சரி" என்றவர் மேசைக்குப் போய்ச் சேரும் வரை

வேலையில் மிகக் கடினமான இடம் இதுதான். பரிசோதனையில் புரை என்று தெரிந்து, தலையாட்டிவிட்டுப் போனவர் வண்டி வரும் நாளில் வீட்டில் இருக்கமாட்டார். ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். கூட வர ஆள் இல்லை. பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். "கண்ணைத் தோண்டி எடுத்து வெளியே வைத்துத் துடைப்பார்களாமே" என்ற பயம். இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி கேட்பது, "இந்த வயசுல இனி எதைப் பார்க்கப் போறேன்" என்பது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம் இருக்கும். பேச வேண்டியது அவரிடம் மட்டுமல்ல, வீட்டில் முடிவெடுப்பவரிடமும்.

அறுவை இலவசம் என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். போகவர வண்டி, அங்கே சாப்பாடு, தங்கும் இடம், மருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது வரை என்னென்ன இலவசம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். துணையாள் இல்லாதவர்களைக் குழுவாக அழைத்துப் போங்கள், உங்கள் ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். சிகிச்சை எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா, எப்போது கட்டுப் பிரிப்பார்கள் என்பதையெல்லாம் எளிய பேச்சில் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது, அதே ஊரில் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு நடமாடும் ஒருவரை அவர் வீட்டுக்கு அழைத்துப் போவது. நீங்கள் ஒரு மணி நேரம் பேசியும் அசையாதவர், அவர் வாயிலிருந்து கேட்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். முதல் தடவை எல்லாரையும் சேர்க்க முடியாவிட்டாலும் முதலில் அனுப்புகிறவர்களை நன்றாகக் கவனியுங்கள். ஒருவருக்குப் பார்வை கெட்டுப்போனால் அந்தச் செய்தி போகும் வேகத்துக்கு உங்கள் துண்டறிக்கை ஈடுகொடுக்காது.

வீடு திரும்பியதும் வேலை முடியவில்லை. சொட்டு மருந்தை யார் விடுவார்கள் என்று கேட்டு, அவர்களை ஒருமுறை விடச் சொல்லிப் பாருங்கள். பலர் கன்னத்தில்தான் விடுவார்கள். கீழ் இமையை லேசாக இழுத்து, புட்டியின் நுனி கண்ணில் படாமல் ஒரே சொட்டு என்று செய்து காட்டுங்கள். வலி, சிவப்பு, பார்வை குறைவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே அழைக்க வேண்டிய எண்ணை சுவரில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு பரிசோதனை. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கண்ணாடிக்கான பரிசோதனை. இந்தக் கடைசிப் பரிசோதனையை விட்டுவிடுவதால்தான், நல்லபடி முடிந்த அறுவைகூட "முன்னே இருந்த மாதிரியேதான் இருக்கு" என்ற பெயரை வாங்கிவிடுகிறது.

பணம்

எல்லாருக்கும் எல்லாம் இலவசம் என்று ஆரம்பித்தால் நன்கொடை நின்ற அன்று சேவையும் நிற்கும். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்குச் செய்வதுதான் நீடித்து நின்ற முறை. அரவிந்த் அப்படித்தான் வளர்ந்தது. ஒரு நிபந்தனை உண்டு: கட்டணம் செலுத்துகிறவருக்கு அறையும் வசதியும் மாறலாம், அறுவையும் லென்ஸும் கவனிப்பும் மாறக் கூடாது. இலவசப் பிரிவில் முடிவுகள் மோசம் என்று தெரிந்தால் ஏழைகள்தான் முதலில் வருவதை நிறுத்துவார்கள்.

செலவைக் குறைப்பதற்கும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. உள்விழி லென்ஸ் ஒரு காலத்தில் இறக்குமதிப் பொருள், விலை எட்டாதது. 1992இல் அரவிந்த், ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தானே தயாரித்தது. நேபாளத்தில் டில்கங்கா கண் மருத்துவமனையும் பின்னர் அதே வழியில் போனது. விலை இறங்கியதால்தான் ஏழைக்கும் லென்ஸ் என்பது சாத்தியமானது. நீங்கள் தொழிற்சாலை ஆரம்பிக்க வேண்டியதில்லை. பிரேம், லென்ஸ், சொட்டு மருந்து ஆகியவற்றைப் பக்கத்து அமைப்புகளோடு சேர்ந்து மொத்தமாக வாங்கினாலே கணக்கில் வித்தியாசம் தெரியும்.

எட்டாம் படி: நாள் குறித்துப் போவதை விட்டு, நிலையாக ஓர் அறை

முகாம் நடக்கும் நாளில்தான் கண் மங்க வேண்டும் என்று யாரும் விதிக்க முடியாது. ஓராண்டு ஓடிய பிறகு, மக்கள் வழக்கமாக வந்துபோகும் இடத்தில், பேருந்து நிற்கும் பக்கமாக, ஓர் அறையைப் பிடியுங்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அல்லது இருவர், பார்வை அட்டை, கண்ணாடிப் பவர் பார்க்கும் லென்ஸ் பெட்டி, கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப், கண் அழுத்தமானி, மருத்துவரோடு பேச வீடியோ இணைப்பு, கண்ணாடி விற்க ஓர் அலமாரி. பார்வை மையம் என்பது இவ்வளவுதான். மையத்தில் இருப்பவர் பார்த்து எழுதியதையும் எடுத்த படங்களையும் மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் பார்த்து, நோயாளியிடம் நேரடியாகப் பேசி முடிவு சொல்வார். பெரும்பாலானவர்கள் மருத்துவமனைக்குப் பயணம் செய்யாமலே தீர்வோடு வீட்டுக்குப் போவார்கள்.

விழித்திரைக் கேமரா வைக்க முடிந்தால் சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரிய உதவி. படத்தைப் பார்த்துப் பாதிப்பு இருக்கிறதா என்று தானே சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் அவசரம் வேண்டாம். படத்தில் பாதிப்பு என்று வந்தவரை லேசர் சிகிச்சை வரை கொண்டுசேர்க்கும் வழி இல்லையென்றால் கேமரா வெறும் காட்சிப் பொருள்.

இன்ன நேரத்தில் திறந்திருக்கும் என்று அறிவித்தால் அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். இரண்டு முறை பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

ஒன்பதாம் படி: எதை எண்ணுவது

பதாகையில் போடுவதற்கு "ஆயிரம் பேருக்குக் கண் பரிசோதனை" என்பது அழகாக இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் எழுத வேண்டியவை: கண்ணாடி தேவைப்பட்டவர்களில் இன்று அதைப் போட்டு 6/12 பார்க்கிறவர்கள் எத்தனை பேர். அறுவை தேவைப்பட்டவர்களில் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், செய்துகொண்டவர்களில் நல்ல பார்வை வந்தவர்கள் எத்தனை பேர். இதில் பெண்கள் எத்தனை பேர்.

உலக அளவிலும் கணக்கு இப்படித்தான் மாறியிருக்கிறது. 2021இல் உலக சுகாதாரப் பேரவை 2030க்கென்று இரண்டு இலக்குகளை ஏற்றது: தரமான கண்ணாடி சென்றடையும் அளவை 40 சதவீதப் புள்ளிகளும், தரமான கண்புரை அறுவை சென்றடையும் அளவை 30 சதவீதப் புள்ளிகளும் உயர்த்துவது. "தரமான" என்ற சொல்லுக்கு இங்கே எடை இருக்கிறது. சிகிச்சை பெற்றும் பார்வை வராதவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். 2022இல் இருந்த நிலை? தூரப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டியவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் பொருத்தமான கண்ணாடி கிடைத்திருந்தது, கண்புரையால் பார்வை குறைந்தவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் தரமான அறுவை கிடைத்திருந்தது என்றது உலக சுகாதார நிறுவனம்.

மாதம் ஒருமுறை உங்கள் குழுவும் மருத்துவமனையும் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் பாருங்கள். "அனுப்பினோம், போகவில்லை" என்ற வரியில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்த வாரம் யார் யார் வீட்டுக்கு யார் போவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த வரி பாதியாகக் குறையும் வரை புதிய ஊர் எதையும் சேர்க்காதீர்கள்.